ரோஜா அத்தருக்கு ஏன் இவ்வளவு மவுசு, மதுரையில் எதைப் பார்த்து வாங்குவது?

கேள்வி சுருக்கமாக இதுதான்: மதுரையில் ஒரு கடையில் 6 மி.லி. ரோஜா அத்தர் 150 ரூபாய். நாலு கடை தள்ளி அதே பெயர், அதே சீசா, 2,500 ரூபாய். ஸ்ப்ரே சென்ட் விதவிதமாகக் கிடைக்கும்போது இதை ஏன் தேடிப் போய் வாங்குகிறார்கள்? இந்த ஊர் வெயிலுக்கு வாசனை நிற்குமா? ஏமாறாமல் வாங்க என்ன வழி?

விலையில் இருந்தே ஆரம்பிக்கலாம். மற்ற கேள்விகளுக்கான விடையும் அதற்குள்தான் கிடக்கிறது.

"ரோஜா அத்தர்" என்ற ஒரே பெயரில் மூன்று வேறு வேறு சரக்கு விற்கிறது. முதலாவது ரூஹ் குலாப். பூவைத் தண்ணீரோடு காய்ச்சி, ஆவியைக் குளிர வைத்து, மேலே மிதக்கிற எண்ணெயை மட்டும் எடுத்தது. வேறெதுவும் அதில் கிடையாது. இரண்டாவது அத்தர் குலாப். அதே ரோஜா ஆவியைச் சந்தன எண்ணெய்க்குள் இறக்கி, சந்தனம் போதும் போதும் என்கிற வரை பல நாள் திரும்பத் திரும்பக் காய்ச்சியது. பழைய அர்த்தத்தில் அத்தர் என்றாலே இதுதான். மூன்றாவது கம்பவுண்டு. ஆய்வுக்கூடத்தில் கூட்டிய ரோஜா வாசனையை விலை குறைந்த ஒரு திரவத்தில் கலந்தது. கடை அலமாரிகளில் நிற்பவற்றில் பெரும்பாலானவை இந்த மூன்றாவது ரகம்.

இப்போது கணக்கு. 1 கிலோ ரோஜா எண்ணெய்க்கு ஏறக்குறைய 3,500 முதல் 4,000 கிலோ பூ வேண்டும். கிராமுக்கு மூன்றரை, நான்கு கிலோ. பூ கிலோ 100 ரூபாய் என்று பேச்சுக்கு வைத்துக்கொண்டால் ஒரு கிராம் ரூஹுக்குப் பூக்காசு மட்டுமே 350 முதல் 400 ரூபாய். 6 மி.லி. சீசாவில் சுமார் 5 கிராம் பிடிக்கும். ஆக, பூவுக்கே 1,750 முதல் 2,000 ரூபாய். விறகு, கூலி, கடைக்காரர் லாபம் எல்லாம் அதற்கு மேல். சந்தன எண்ணெயும் சளைத்ததில்லை. கிலோ 1 லட்சம் என்று குறைத்தே போட்டாலும் 6 மி.லி.க்குக் கிட்டத்தட்ட 600 ரூபாய் சந்தனத்துக்கு மட்டும் ஆகிறது, ரோஜா இன்னும் உள்ளே வரவேயில்லை. எனவே 150 ரூபாய் சீசாவில் ரூஹும் இருக்க முடியாது, சந்தனமும் இருக்க முடியாது. அதனால் அது மோசடி என்று அர்த்தமில்லை. கம்பவுண்டுக்கு 150 ரூபாய் நியாயமான விலை. அதே கம்பவுண்டை வேறு சீசாவில் ஊற்றி, வெல்வெட் பெட்டியில் வைத்து 2,500 சொல்வதுதான் மோசடி.

அத்தர் குலாப் எப்படிக் காய்ச்சப்படுகிறது என்று தெரிந்தால் அதன் ஈர்ப்பு எங்கிருந்து வருகிறது என்பதும் விளங்கும். உத்தரப் பிரதேசத்தின் கன்னோஜ் இதற்குப் பேர் போன ஊர். மத்திய அரசின் நறுமண, சுவை மேம்பாட்டு மையமும் 1991 முதல் அங்கேதான் இருக்கிறது. காய்ச்சும் முறை இன்றைக்கும் பட்டறைகளில் பெரிதாக மாறவில்லை. ஒரு பெரிய செப்பு அண்டா, அதற்கு டேக் என்று பெயர். அதில் பூவும் தண்ணீரும் போட்டு மூடி, மூடியின் விளிம்பைச் சுற்றிக் களிமண்ணும் பஞ்சும் சேர்த்துப் பிசைந்து அப்பிவிடுவார்கள். மூடியில் இருந்து கயிறு சுற்றிய மூங்கில் குழாய் ஒன்று சரிவாக இறங்கி, கழுத்து நீண்ட இன்னொரு செப்புக் குடத்துக்குள் போகும். அந்தக் குடம் பப்கா. அது தண்ணீர்த் தொட்டிக்குள் அமிழ்ந்து கிடக்கும். அதற்குள் முன்கூட்டியே சந்தன எண்ணெய் ஊற்றி வைத்திருப்பார்கள்.

அடியில் விறகோ வறட்டியோ எரியும். தீ நிதானமாக இருக்க வேண்டும், கூடினால் இரண்டு கெடுதல். மண் பூச்சு வெடித்து ஆவி கசியும், அல்லது அடியில் இருக்கிற இதழ் தீய்ந்து அந்தக் கருகல் நெடி எண்ணெயில் ஏறிவிடும். ஏறிய நெடியை இறக்க வழியில்லை. தொட்டித் தண்ணீர் சூடேறிவிட்டாலும் ஆபத்துதான், ஆவி குளிராமல் வாசனை காற்றோடு போய்விடும். வெப்பமானி எல்லாம் பெரும்பாலும் கிடையாது. தொட்டிக்குள் கைவிட்டுப் பப்காவின் வயிற்றைத் தொட்டுப் பார்த்தே உள்ளே எவ்வளவு இறங்கியிருக்கிறது, எப்போது குடத்தை மாற்றுவது என்று முடிவு செய்கிறார்கள்.

சில மணி நேரம் ஓடியதும் பப்காவைத் தனியே வைத்து ஆற விடுவார்கள். எண்ணெய் மேலே, தண்ணீர் கீழே. அடியில் இருக்கிற துளை வழியாகத் தண்ணீரை மட்டும் இறக்கி, மறுநாள் புதுப் பூவோடு சேர்த்து டேகிலேயே ஊற்றிவிடுவார்கள். கொட்டுவது கிடையாது, ஏனென்றால் அந்தத் தண்ணீரில் ரோஜா பாதி கரைந்து கிடக்கிறது. அதே சந்தன எண்ணெய்க்கு மறுநாள் மறுபடி ரோஜா ஆவி. இப்படி நாள் கணக்கில், பெரும்பாலும் வாரக் கணக்கில் போகும். கடைசியில் தோல் குப்பியில் ஊற்றி வைத்தால் மிச்ச ஈரம் தோல் வழியே கசிந்து வற்றிவிடும், எண்ணெய் உள்ளே தங்கும்.

அந்தத் தண்ணீர் விஷயத்தில்தான் முக்கியமான சூட்சுமம் இருக்கிறது. பூவின் வாசனைக்குத் தேன் போன்ற இனிப்பைத் தருவது பினைல் எத்தில் ஆல்கஹால் என்ற பொருள். அது தண்ணீரில் நன்றாகக் கரையும். ரூஹ் எடுக்கும்போது அதில் பெரும் பங்கு பன்னீரோடு போய்விடுகிறது. ரோஜா எண்ணெயில் அது 3 சதவீத அளவில்தான் மிஞ்சும். அத்தர் குலாப்பில் சந்தன எண்ணெய் அதில் ஒரு பங்கைப் பிடித்து வைத்துக்கொள்கிறது, தினமும் அதே தண்ணீரைத் திரும்பக் காய்ச்சுவதால் மறுபடி மறுபடி பிடிக்கவும் வாய்ப்புக் கிடைக்கிறது. அதனால்தான் விலையில் ரூஹ் பெரிது என்றாலும், பூசிக்கொள்வதற்கு அத்தர் குலாப் ஒரு படி மேல் என்பது என் கணிப்பு. ரூஹ் தனியாகக் கூர்மையாக இருக்கும். அது வாசனை கூட்டுகிறவர்களுக்கான கச்சாப் பொருள்.

ரோஜா எண்ணெயைக் கண்டுபிடித்த பெருமையை ஜஹாங்கீர் தன் நாட்குறிப்பில் நூர்ஜஹானின் தாயாருக்குத் தருகிறார். சூடான பன்னீரைப் பாத்திரங்களில் ஊற்றும்போது மேலே படிந்த ஏட்டை அவர் சிறுகச் சிறுகச் சேர்த்தார் என்று எழுதியிருக்கிறார். கண்டுபிடிப்பு யாருடையதாகவும் இருக்கட்டும், அந்த ஏடு உண்மை. ரோஜா எண்ணெயில் மெழுகு போன்ற ஒரு பகுதி உண்டு. அதற்கு வாசனை கிடையாது, ஆனால் குளிர்ந்தால் உறையும். பின்னால் சோதனைக்கு இது உதவும்.

இனி ஈர்ப்பு. நல்ல அத்தர் குலாப்பை முதல் தடவை முகர்கிறவர்களில் பலர் "இது ரோஜா மாதிரியே இல்லையே" என்பார்கள். நம் மூக்குக்குத் தெரிந்த ரோஜா என்பது ரோஸ் மில்க், ஊதுபத்தி, கல்யாண வீட்டில் தெளிக்கிற பாட்டில் பன்னீர். எல்லாமே பெரும்பாலும் கூட்டிய வாசனை. நிஜமான ரோஜா எண்ணெயில் சிட்ரோனெல்லோல், ஜெரானியோல், நெரோல் போன்றவை பெரும் பங்கு. கூடவே ரோஸ் ஆக்ஸைடு, டமஸ்கெனோன் மாதிரி துளியூண்டு இருந்தாலும் வாசனையைத் தூக்கிப் பிடிக்கிற சரக்குகள். அதனால் அதில் எலுமிச்சைத் தோல், தேயிலை, தேன், காய்ந்த வைக்கோல், ஒரு சிட்டிகை கிராம்பு எல்லாம் வந்து போகும்.

மணிக்கட்டில் தொட்டதும் முதல் பத்து நிமிஷம் கொஞ்சம் கூர்மையாக, பச்சையாக இருக்கும். பிடிக்காமல் போவது இந்தக் கட்டத்தில்தான், கடையிலேயே முடிவெடுக்காதீர்கள். அப்புறம் தேன் இனிப்பு ஏறும், இரண்டு மூன்று மணி நேரம் அதுதான் ராஜா. பிறகு ரோஜா மெல்லப் பின்வாங்க, பால் காய்ச்சிய மாதிரி ஒரு வழுவழுப்போடு சந்தனம் மேலே வரும். சாயந்தரம் சட்டையைக் கழற்றும்போது காலரில் மிஞ்சி இருப்பது சந்தனம்தான், ஆனால் வெறும் சந்தனம் அல்ல, ரோஜா தங்கிவிட்டுப் போன சந்தனம். சந்தனத்தின் சந்தலோல் கனமான மூலக்கூறு, மெதுவாகத்தான் ஆவியாகும். லேசான ரோஜாவையும் அது கையைப் பிடித்து நிறுத்தி வைக்கிறது. கம்பவுண்டில் இந்தப் பயணம் கிடையாது. காலையில் என்ன வாசனையோ மத்தியானமும் அதே, பிறகு சட்டென்று காணாமல் போகும்.

இன்னொரு காரணம், அது சத்தம் போடாது. ஸ்ப்ரேயில் ஆல்கஹால் ஆவியாகும்போது வாசனையையும் இழுத்துக்கொண்டு அறை முழுக்கப் போகும். அத்தர் தோலோடு ஒட்டிக் கிடந்து உடம்புச் சூட்டுக்குக் கொஞ்சம் கொஞ்சமாக எழும்பும், ஒரு கை தூரத்துக்கு மேல் போகாது. பெரியார் நிலையத்தில் ஏறி நெருக்கியடித்து நிற்கிற டவுன் பஸ்ஸில் இது பக்கத்தில் இருப்பவருக்கும் செய்கிற மரியாதை. ஸ்ப்ரேயில் இருக்கிற அந்த ஆல்கஹால் இல்லாததால் ஜும்ஆ தொழுகைக்குப் போகிறவர்கள் அத்தரையே விரும்புவதும் தெரிந்த விஷயம்.

மதுரையில் ரோஜாவுக்குப் பஞ்சமில்லை, பின் ஏன் இங்கே அத்தர் காய்ச்சுவதில்லை என்று கேட்பார்கள். மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டுக்கு நிலக்கோட்டை, திண்டுக்கல் பக்கமிருந்து பன்னீர் ரோஜா மூட்டை மூட்டையாக வருகிறது. ஆனால் ரோஜா எண்ணெய் பூவில் அதிகமாக இருப்பது விடியற்காலையில். வெயில் ஏற ஏற அது குறையும். பறித்த பூவைச் சாக்கில் அமுக்கினால் உள்ளே சூடு கிளம்பும். மார்க்கெட்டில் மூட்டையின் நடுவில் கையை விட்டுப் பாருங்கள், வெதுவெதுப்பாக இருக்கும், சில நேரம் புளித்த வாடையே வரும். மாலை கட்டுகிறவருக்கு அதனால் நஷ்டமில்லை, காய்ச்சுகிறவருக்கு நஷ்டம். அதனால்தான் ரோஜா காய்ச்சுகிற ஊர்களில் டேகைப் பூந்தோட்டத்துக்குப் பக்கத்திலேயே வைக்கிறார்கள். அத்தருக்கு எடுக்கிற பூவும் பெரும்பாலும் டமாஸ்க் இனம். மல்லிகையின் வழி வேறு. கொதிக்கிற சூட்டில் அதன் குணம் கெடும் என்பதால், விலை விழுகிற நாளில் சென்ட் ஃபேக்டரிக்குப் போகிற நம் பக்கத்து மல்லிகையை ஹெக்ஸேன் கரைப்பானில் ஊற வைத்து மெழுகு பதத்தில் எடுக்கிறார்கள். மதுரையின் பூ அங்கே ஒரு சென்ட் சரக்காகிறது, அத்தராக அல்ல.

சரி, வாங்கும் வழி. கோரிப்பாளையம் பக்கமோ மாசி வீதிகளிலோ கடைக்குள் நுழைந்து, "பாய், ஒரிஜினல் குலாப் இருக்கா?" என்று கேட்டால், "எல்லாமே ஒரிஜினல்தான் அண்ணே" என்றுதான் பதில் வரும். அந்தக் கேள்விக்கு வேறு பதில் கிடையாது. "இதுக்கு பேஸ் என்ன பாய், சந்தனமா, டி.இ.பி.யா?" என்று கேளுங்கள். பேஸ் என்றால் வாசனையைத் தாங்குகிற திரவம். டி.இ.பி. (டை எத்தில் தாலேட்) கம்பவுண்டில் ஊற்றுகிற விலை குறைந்த திரவங்களில் ஒன்று. சரக்குத் தெரிந்தவர் உடனே இறங்கி வந்து பேசுவார். "இது கம்பவுண்டுதான், சந்தன பேஸ் வேணும்னா உள்ள இருக்கு, விலை தாங்குவீங்களா?" என்று நேராகச் சொல்கிறவர் கடையை விட்டுவிடாதீர்கள். அடுத்து, வாங்கப்போகும் அத்தரோடு வெறும் சந்தன எண்ணெயையும் ஒரு காகிதத் துண்டில் தொட்டுக் கேளுங்கள். இரண்டையும் சட்டைப் பையில் வேறு வேறாக வைத்து வீட்டுக்குப் போங்கள். ராத்திரி பத்து மணிக்கு இரண்டு காகிதத்தின் அடி வாசனையும் ஒரு குடும்பம் போல இருந்தால் நம்பலாம். அத்தர்க் காகிதம் வெறும் காகிதமாகிவிட்டால் பேஸ் சந்தனம் இல்லை.

நிறத்தைப் பாருங்கள், இது சுலபமான வடிகட்டி. ரோஜா எண்ணெய் வெளிர் மஞ்சள், சில நேரம் லேசான பச்சை ஓடும். சந்தன பேஸ் சேர்ந்தால் மஞ்சளில் இருந்து இளம் பழுப்பு வரை. இதழின் சிவப்பு ஆவியில் ஏறாது, எண்ணெயிலும் கரையாது. சீசாவுக்குள் ரோஸ் நிறத்தில், சிவப்பில் ஏதாவது மினுக்கினால் அது சாயம். உங்கள் வெள்ளை வேட்டியில் அது தன் கையெழுத்தைப் போடும்.

வீட்டில் செய்யக்கூடிய ஒரு சோதனை: கண்ணாடி டம்ளரில் பாதி தண்ணீர், அதில் ஒரு சொட்டு. சொட்டு மேலே நின்றால் பல் குச்சியால் லேசாக உள்ளே அமுக்கிவிடுங்கள், இல்லாவிட்டால் தண்ணீரின் மேற்பரப்பே அதைத் தாங்கி ஏமாற்றும். கீழே மூழ்கி உட்கார்ந்தால் பேஸ் டி.இ.பி.யாக இருக்க நல்ல வாய்ப்பு, அதன் அடர்த்தி 1.12. தண்ணீரோடு கலந்து கரைந்தே போனால், அதே போன்ற இன்னொரு மலிவுத் திரவமான டி.பி.ஜி. மேலே எழும்பி வந்தால் சந்தனமாக இருக்கலாம், அதன் அடர்த்தி 0.97 அளவு. லிக்விட் பாரஃபினும் மிதக்கும். அதைப் பிரிக்க, மெடிக்கல் ஷாப்பில் கிடைக்கிற சர்ஜிகல் ஸ்பிரிட் 5 மி.லி.யில் ஐந்தாறு சொட்டு விட்டுக் குலுக்குங்கள். சந்தன எண்ணெய் தெளிவாகக் கரையும், பாரஃபின் பால் போலக் கலங்கிப் பிரியும். டி.ஓ.பி. என்ற இன்னொரு சரக்கு மட்டும் இதிலெல்லாம் தப்பிவிடும், ஏனென்றால் அதன் அடர்த்தி சந்தனத்துக்குப் பக்கத்தில், ஸ்பிரிட்டிலும் கரையும். ஆகவே இந்தச் சோதனைகளில் தோற்றால் போலி என்று சொல்லலாம், ஜெயித்தால் அசல் என்று சொல்ல முடியாது. மிச்சத்தை ராத்திரிக் காகிதம்தான் சொல்லும். பெரிய தொகைக்கு வாங்குகிறவர்கள் ஜி.சி. (கேஸ் குரோமட்டோகிராபி, எண்ணெயில் என்னென்ன இருக்கிறது என்று பிரித்துக் காட்டும் ஆய்வு) பரிசோதனைத் தாள் கேட்கலாம்.

ரூஹ் என்று சொல்லி விற்றால் ஃபிரிட்ஜ் சோதனை. சீசாவை ஃபிரிட்ஜின் கீழ்த்தட்டில் இரண்டு மணி நேரம் வையுங்கள். அசல் ரோஜா எண்ணெயில் ஊசி ஊசியாகப் படிகம் கட்டும், உறைந்தும் போகலாம். கையில் பிடித்தால் உள்ளங்கைச் சூட்டுக்கு உருகிவிடும். சந்தனத்தில் கலந்த அத்தருக்கு இந்தச் சோதனை பொருந்தாது. மெழுகு சேர்த்து உறைய வைக்கிற கில்லாடிகளும் உண்டு. ஜெரானியோலுக்காகப் பாமரோசாப் புல் எண்ணெய், ஜெரேனியம் எண்ணெய் கலப்பதும் பழைய வழக்கம். கொடைக்கானல் மலையிலும் பயிராகிற ஜெரேனியம் நல்ல எண்ணெய்தான், ரோஜா விலைக்கு விற்காத வரை. அது கலந்திருந்தால் வாசனையில் புதினா போல ஒரு குளிர்ச்சி தட்டும்.

எவ்வளவு வாங்குவது? முதல் தடவை 3 மி.லி.க்கு மேல் வேண்டாம். அதில் 75 சொட்டுக்குக் குறையாமல் இருக்கும். தினம் ஒரு சொட்டு என்றால் இரண்டரை மாதம். தோலா என்பார்கள், அது 12 மி.லி. சீசா, பழகிய பிறகு பார்த்துக்கொள்ளலாம். கையில் 500 ரூபாய்தான் இருக்கிறது என்றால், அசல் என்ற பெயரில் 500 ரூபாய்க்கு 12 மி.லி. தேடாமல், நல்ல கம்பவுண்டு 6 மி.லி. வாங்குங்கள், அல்லது சந்தன பேஸ் கிடைத்தால் 1 மி.லி. அளந்து தரச் சொல்லுங்கள்.

மதுரை வெயிலில் பூசுவதற்குச் சில ஒழுங்கு உண்டு. குளித்துத் துவட்டியதும், தோல் இன்னும் லேசாக ஈரமாக இருக்கும்போதே தொட வேண்டும். காய்ந்த தோல் எண்ணெயைக் குடித்துவிடும், வாசனை எழும்பாது. வேர்த்த பிறகு மேலே பூசினால் வேர்வையும் ரோஜாவும் சேர்ந்து ஊறுகாய் வாடை அடிக்கும். வாசனைப் பவுடர் மேல் பூசவே வேண்டாம், இரண்டு வாசனையும் சண்டை போடும், பவுடர் திட்டுத் திட்டாகக் கட்டும். காதுக்குப் பின்னால், மணிக்கட்டு உள்பக்கம், முழங்கை மடிப்பு, பிடரி, இவற்றில் ஏதாவது இரண்டு இடம் போதும். மணிக்கட்டு இரண்டையும் வைத்துத் தேய்க்காதீர்கள், ஒற்றி எடுத்தால் போதும். சித்திரை, வைகாசியில் அளவைப் பாதியாக்குங்கள். உடம்புச் சூடு அதிகமாக இருக்கும்போது அதே ஒரு சொட்டு இரண்டு சொட்டு வேலை செய்யும், நெருக்கத்தில் தலைவலிக்கும்.

பஞ்சில் நனைத்துக் காது மடலின் உள் மடிப்பில் செருகுவது பழைய வழி. வெயில் நேராகப் படாத இடம், மெதுவாக ஆவியாகும், துணியும் கறைபடாது. மிளகு அளவுப் பஞ்சு, அதில் அரைச் சொட்டு. மடிப்போடு நிறுத்துங்கள், காதுத் துவாரத்துக்குள் தள்ளக் கூடாது. பட்டுச் சேலை, வெள்ளைச் சட்டை மீது நேரடியாகத் தொடவே வேண்டாம், சாயம் இல்லாத சந்தன எண்ணெயும் மஞ்சள் கறை போடும். தலையில் இரண்டு முழம் மதுரை மல்லி வைக்கிற நாளில் ரோஜா அத்தரை விட்டுவிடுவது நல்லது. மல்லிகையின் இரவு வாசனைக்கு முன்னால் ரோஜா எடுபடாது. பிடிவாதமாக வேண்டுமென்றால் மணிக்கட்டோடு நிறுத்துங்கள், கழுத்துப் பக்கம் போகாதீர்கள்.

தோல் விஷயம்: ஜெரானியோலும் சிட்ரோனெல்லோலும் சிலருக்கு அரிப்பைக் கிளப்பும். காற்றுப் பட்டுப் பழசாகிப் போன எண்ணெய் இன்னும் மோசம். புது அத்தரை முழங்கை மடிப்பில் தொட்டு ஒரு நாள், முடிந்தால் இரண்டு நாள் விட்டுப் பாருங்கள். சிவந்தால் அது உங்களுக்கு இல்லை. கைக்குழந்தைக்குப் பூசக் கூடாது. கடை அத்தரை ரோஸ் மில்க்கிலோ ஜிகர்தண்டாவிலோ ஒரு சொட்டு விடுகிற யோசனை அவ்வப்போது கிளம்புகிறது, வேண்டவே வேண்டாம். பூசுவதற்கு விற்கிற சரக்கில் என்ன பேஸ் இருக்கிறது என்பதைத்தான் இவ்வளவு நேரம் பேசியிருக்கிறோம்.

வீட்டிலேயே செய்யலாமா என்றால், அத்தர் முடியாது, பன்னீர் முடியும். தேங்காய் எண்ணெயில் இதழை ஊறப்போடுகிற வழி உருப்படாது. இதழில் பெரும் பங்கு தண்ணீர்தான், அது எண்ணெய்க்கு அடியில் தங்கிப் பூஞ்சை பிடிக்கும், கூடவே எண்ணெய் காறும். காய்ச்சிப் பார்த்தாலும் ஒரு கிலோ பூவில் கால் கிராம் எண்ணெய்தான். டம்ளர் தண்ணீர் மேல் அது பிரித்தெடுக்க முடியாத ஒரு மினுமினுப்பு.

பன்னீருக்கு: மருந்து தெளிக்காத பன்னீர் ரோஜா, விடியலில் பறித்தது, இதழ் மட்டும் 500 கிராம். மார்க்கெட் பூவில் மருந்து தெளித்திருக்க வாய்ப்பு அதிகம், தெரிந்த தோட்டத்தில் வாங்குவதே உத்தமம். அகலமான எவர்சில்வர் பாத்திரத்தின் நடுவில் உயரமான ஒரு கல்லோ ஸ்டாண்டோ வைத்து, அதன் மேல் ஒரு கிண்ணம். சுற்றிலும் இதழ், 2 லிட்டர் தண்ணீர். கிண்ணம் மிதக்காமல் நிற்க வேண்டும். குமிழ் உள்ள குழிவான மூடியைத் தலைகீழாக மூடி, மேலே ஐஸ் கட்டி. அடுப்பு சிம்மில். மூடிக்கு அடியில் படிகிற ஆவி குமிழ் வழியாகக் கிண்ணத்தில் சொட்டும். ஐஸ் உருக உருகத் தண்ணீரை எடுத்துவிட்டுப் புதிது போடுங்கள், இதில் சோம்பினால் ஆவி ஓரமாக வெளியேறி வீடு மணக்கும், கிண்ணத்தில் ஒன்றும் மிஞ்சாது. கிண்ணம் நிறையும் முன் அவ்வப்போது எடுத்து வேறு பாத்திரத்தில் ஊற்றுங்கள். மொத்தம் 500 மி.லி. சேர்ந்ததும் நிறுத்திவிட வேண்டும். அதற்கு மேல் இறங்குவது வெறும் ஆவித் தண்ணீர், முன்னால் எடுத்ததையும் நீர்க்க வைக்கும். முதல் நாள் வெந்த கீரை மாதிரி ஒரு வாடை இருக்கும், பயப்படாதீர்கள், மூடி வைத்தால் நாலைந்து நாளில் அடங்கும். ஃபிரிட்ஜில் இரண்டு மூன்று வாரம் வரும். கலங்கினாலோ புளித்தாலோ செடிக்கு ஊற்றுங்கள்.

அத்தரைப் பாதுகாப்பது எளிது: கண்ணாடி சீசா, இறுக்கமான மூடி, இருட்டு. பைக் பெட்டி, கார் டேஷ்போர்டு, தகரக் கூரைக்கு அடியில் இருக்கிற பரண், மூன்றும் ஆகாது. பிளாஸ்டிக் ரோல்-ஆனில் ஊற்றினால் நாளடைவில் எண்ணெய் பிளாஸ்டிக்கை அரித்து, மூடி பிசுபிசுக்கும். பாதி காலியான பெரிய சீசாவில் காற்று அதிகம், சின்ன சீசாவுக்கு மாற்றுங்கள். சந்தன பேஸ் நன்றாக மூடியிருந்தால் வருஷம் ஆக ஆக மெருகேறும். கம்பவுண்டை இரண்டு வருஷத்துக்குள் தீர்த்துவிடுங்கள். டர்பன்டைன் நெடியோ காறல் நெடியோ வந்தால் அதன் காலம் முடிந்தது. சீசா காலியான பிறகும் கழுவிப் போட வேண்டாம். மூடியைத் திறந்து, பஞ்சால் வாயை அடைத்து, பீரோவில் வேட்டி சேலைகளுக்கு நடுவில் நிமிர்த்தி வையுங்கள். சுவரில் ஒட்டியிருக்கிற சந்தனம் இன்னும் பல மாதம் வேலை பார்க்கும்.